ஈ முட்டையில் தலை எந்தப் பக்கம்?

வீட்டில் வாழைப்பழச் சீப்பு கொஞ்சம் அதிகமாகப் பழுத்துத் தோலில் கறுப்புத் திட்டு விழ ஆரம்பித்ததும் எங்கிருந்தோ வந்து சுற்றுமே ஒரு குட்டி ஈ, எள்ளளவு உடம்பும் சிவந்த கண்ணுமாக, கையை வீசினால் விலகிப் போய் அடுத்த நொடியே அதே பழத்தில் வந்து உட்காருமே, அதுதான் பழ ஈ. டிரோசோபிலா மெலனோகாஸ்டர் என்பது அதன் அறிவியல் பெயர். ஒரு முட்டைக்குள்ளிருந்து தலை, மார்பு, வயிறு எல்லாம் அதனதன் இடத்தில் அமைந்த ஓர் உயிர் எப்படி வருகிறது என்பதைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்த ஈயின் முட்டையிலிருந்து தெரிந்துகொண்டது. அதற்கு வழி திறந்தவர்களில் முக்கியமானவர் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் என்ற ஜெர்மானிய உயிரியலாளர். அவர் என்ன செய்தார், அது ஏன் பெரிய விஷயம் என்பதை உயிரியல் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். குரோமோசோம், மரபணு, புரதம் என்று பள்ளியில் படித்தது மங்கலாக ஞாபகம் இருந்தால் போதும்.

முதலில் அந்த முட்டையைப் பார்த்துவிடுவோம். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு துண்டு கனிந்த வாழைப்பழத்தைப் போட்டு, நாலைந்து ஈ உள்ளே போனதும் வாயை மெல்லிய துணியால் கட்டி வைத்தேன். மறுநாள் லென்ஸ் வைத்துப் பார்த்தால் பழத்தின் மேல் பொடி ரவை சிந்தின மாதிரி முட்டைகள். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் நீளம்தான். உற்றுப் பார்த்தால் ஒரு முனையில் மட்டும் நூல் மாதிரி இரண்டு வெள்ளைக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும், ஈரமான பழக்கூழுக்குள் முட்டை புதைந்தாலும் காற்று கிடைக்க உதவுபவை அவை. கொம்பு இருக்கிற முனைதான் தலை வரப்போகிற முனை. ஒரே நாளில் அதிலிருந்து புழு வந்துவிடும், நாலைந்து நாள் தின்று கொழுத்துக் கூட்டுப்புழுவாகும், பத்தாம் நாள் வாக்கில் புது ஈ பறக்கும்.

இப்போது கேள்விக்கு வருவோம். அந்த முட்டை ஆரம்பத்தில் ஒரே ஒரு செல். அது பிரிந்து பிரிந்து ஆயிரக்கணக்கான செல்கள் ஆகிறது. பிரியும்போது ஒவ்வொரு செல்லுக்கும் அதே குரோமோசோம்கள், அதே மரபணுக்கள் அப்படியே நகலாகப் போகின்றன. மரபணு என்பது ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்ற செய்முறைக் குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் செல்லின் கையிலும் ஒரே குறிப்புப் புத்தகம் இருக்கும்போது, முன்னால் இருக்கிற செல்லுக்குத் தான் தலையாக வேண்டும் என்றும் பின்னால் இருக்கிற செல்லுக்குத் தான் வாலாக வேண்டும் என்றும் எப்படித் தெரிகிறது? புத்தகத்தின் எந்தப் பக்கத்தை எடுத்துப் படிக்க வேண்டும் என்று அந்தந்தச் செல்லுக்கு யார் சொல்வது?

1970களின் நடுவில் இதற்குச் சரியான பதில் யாரிடமும் இல்லை. ஊகங்கள் இருந்தன. முட்டையின் ஒரு முனையில் ஏதோ ஒரு பொருள் அதிகமாக இருக்கலாம், மறுமுனை நோக்கிப் போகப் போக அது குறைந்துகொண்டே போகலாம், செல்கள் அந்த அளவைப் பார்த்துத் தாங்கள் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்று பலர் எழுதியிருந்தார்கள். ஜெர்மனியில் கிளவுஸ் சாண்டர் என்பவர் பூச்சி முட்டைகளை நடுவில் நூல் கட்டியது போல நெரித்தும் உள்ளடக்கத்தை இடம் மாற்றியும் பார்த்து, முட்டையின் இரு முனைகளிலும் ஏதோ இருக்கிறது என்று காட்டியிருந்தார். ஆனால் அந்த ‘ஏதோ’ என்ன பொருள் என்று யாராலும் கையில் எடுத்துக் காட்ட முடியவில்லை.

கிறிஸ்டியானே 1942 அக்டோபர் 20 அன்று மாக்டபுர்க் நகரில் பிறந்தவர், வளர்ந்தது ஃபிராங்க்ஃபர்ட்டில். அப்பா கட்டடக்கலைஞர். டூபிங்கனில் உயிர்வேதியியல் படித்தார், அங்கேயே பாக்டீரியாவின் மரபணுக்கள் சம்பந்தமான வேலையில் முனைவர் பட்டம் வாங்கினார். வேலை நன்றாகவே போய்க்கொண்டிருந்தும் மனம் அதில் நிற்கவில்லை, முட்டைக் கேள்வி இழுத்தது. 1975இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கேரிங் என்பவரின் ஆய்வகத்தில் சேர்ந்தபோதுதான் பழ ஈயைக் கையாளவே கற்றுக்கொண்டார். அங்கே அவர் எடுத்துக்கொண்டது ஒரு விசித்திரமான ஈ வகை. அந்தத் தாய் ஈக்கள் இடும் முட்டைகள் சிலவற்றில் தலையே இருக்காது, இரண்டு பக்கமும் வால், கண்ணாடியில் பார்த்தது போல ஒன்றுக்கு எதிர் ஒன்று. தாயிடம் ஒரு மரபணு கெட்டுப்போனால் பிள்ளைக்குத் தலை இருந்த இடத்தில் வால் வரும் என்றால், தலை எங்கே என்ற முடிவு தாயின் வயிற்றிலேயே எடுக்கப்படுகிறது என்றுதானே அர்த்தம்? அந்த யோசனை அவரை விடவே இல்லை. அதே பாசலில்தான் எரிக் வீஷவுஸ் என்ற அமெரிக்க இளைஞரையும் அவர் சந்தித்தார். 1978இல் இருவருக்கும் ஹைடல்பர்க் நகரில் இருந்த ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தது ஒரு சின்ன ஆய்வகம்தான்.

அவர்கள் எடுத்த முடிவு அந்தக் காலத்துக்குத் துணிச்சலானது. ஒரு புது வீட்டுக்குக் குடி போகிறீர்கள், மீட்டர் பெட்டியில் வரிசையாக ஃபியூஸ்கள், எந்த ஃபியூஸ் எந்த அறைக்கு என்று எழுதி வைக்கவில்லை. என்ன செய்வீர்கள்? ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு எந்த அறையில் விளக்கு அணைகிறது என்று பார்ப்பீர்கள். அதையே ஈயில் செய்வது என்று இறங்கினார்கள். அதுவும் ஒன்றிரண்டு மரபணுவில் அல்ல, உடல் அமைப்பைத் தீர்மானிக்கிற எல்லா மரபணுவையும் பிடித்துவிட வேண்டும் என்று. அது வரைக்கும் ஆட்கள் தற்செயலாகக் கிடைத்த ஒரு விசித்திர ஈயை எடுத்து அதை ஆண்டுக்கணக்கில் ஆராய்வார்கள். மொத்தத்தையும் ஒரே வலையில் அள்ளப் பார்ப்போம் என்பது புதிது.

எப்படி அள்ளினார்கள்? இந்த இடம் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் மற்றதெல்லாம் சுலபம். ஆண் ஈக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீரில் டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் ஒரு ரசாயனத்தைக் கலந்து கொடுத்தார்கள். அந்த ஆணின் விந்தணு ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்றிரண்டு முக்கியமான மரபணு கெட்டுப்போயிருக்கும், எது என்று தெரியாது. எந்த மரபணுவும் ஒவ்வொரு ஈயிடமும் இரண்டு பிரதி இருக்கும், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று கெட்டாலும் மற்றது சமாளித்துவிடும் என்பதால் அந்த ஆணின் பிள்ளைகள் பார்க்க நன்றாகவே இருக்கும். அந்தப் பிள்ளை ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியாக ஒரு குடும்பத்தை வளர்த்து, பேரன் பேத்திகளான அண்ணன் தங்கைகளையே ஒன்றோடொன்று சேர விட்டால், அப்போது கால் பங்கு முட்டைகளுக்கு இரண்டு பிரதியுமே கெட்டதாக வந்து சேரும். ஃபியூஸ் பிடுங்கப்பட்ட முட்டைகள் இவைதான். அந்த மரபணு உண்மையிலேயே முக்கியமானது என்றால் உள்ளே இருக்கிற புழு வெளியே வராமல் முட்டைக்குள்ளேயே செத்துக் கிடக்கும்.

ஆக, அவர்கள் தேடியது செத்த முட்டைகளை. மொத்தம் சுமார் 27,000 குடும்பங்களை வளர்த்தார்கள். அவற்றில் சுமார் 18,000 குடும்பங்களில் உயிரைப் பறிக்கும் கோளாறு ஏதாவது இருந்தது, சுமார் 4,500இல் முட்டைக்குள்ளேயே புழு செத்தது, அதிலும் புழுவின் தோலில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இருந்தவை 580 வாக்கில். ஒரே மரபணு பல தடவை மாட்டியிருக்கும் அல்லவா, அதையெல்லாம் ஒப்பிட்டுக் கழித்தால் கடைசியில் நின்றது சுமார் 120 மரபணுக்கள். ஏரியில் வலை வீசும்போது மறுபடி மறுபடி பார்த்த அதே மீன்களே வந்தால் அநேகமாக எல்லா வகையையும் பிடித்துவிட்டோம் என்று புரியும், அப்படித்தான் இங்கேயும் ஒரே மரபணுவே திரும்பத் திரும்ப மாட்டியதை வைத்துப் பெரும்பாலும் முடிந்துவிட்டது என்று கணித்தார்கள். ஓர் ஈயிடம் இருக்கும் மரபணுக்கள் சுமார் 14,000 என்று பிற்பாடு தெரிந்தது. அதில் புழுவின் தோலில் தெரிகிற உடலமைப்புக்கென்று சிக்கியது நூற்றுச் சொச்சம்தான் என்பதை நான் முதல் தடவை படித்தபோது கொஞ்ச நேரம் பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். எண்ணி முடிக்கக்கூடிய எண்ணிக்கை அது. எண்ண முடியும் என்றால் ஒவ்வொன்றாகப் புரிந்துகொள்ளவும் முடியும்.

ஆயிரக்கணக்கான பாட்டில்களில் வேண்டாத ஈக்களைக் கையால் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தால் ஆயுசு போதாது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். வெப்பம் கூடினால் சாகும்படியான ஒரு பிறழ்வை, அதாவது மரபணுக் கோளாறை, வேண்டாத குரோமோசோமில் இருக்கும்படி ஏற்பாடு செய்து, பாட்டில்களை 29 டிகிரியில் வைத்துவிட்டார்கள், வேண்டாதவை தானே ஒழிந்தன. பெரிய கண்டுபிடிப்புகளின் கதையில் இப்படிப்பட்ட சில்லறை ஏற்பாடுகளை யாரும் சொல்வதில்லை, ஆனால் இது இல்லாமல் இரண்டு பேர் அவ்வளவு குடும்பங்களைக் கட்டி மேய்த்திருக்கவே முடியாது.

அடுத்தது பார்ப்பது. செத்த புழுவை எடுத்து அதன் உட்பகுதி முழுக்கக் கரைந்து கண்ணாடி மாதிரி ஆகும்படி ஒரு திரவத்தில் போட்டு வைத்தால் வெளித்தோல் மட்டும் மிஞ்சும். நல்ல புழுவின் அடிவயிற்றுத் தோலை நுண்ணோக்கியில் பார்த்தால் பட்டை பட்டையாகத் தெரியும். புழு ஊர்வதற்குப் பிடிமானமாக இருக்கிற நுண்ணிய பற்கள் அவை, வரிசை வரிசையாக, ஒரு பட்டை பற்கள், அப்புறம் வழவழப்பான இடம், மறுபடி பற்கள். புழுவின் உடம்பு வளையம் வளையமான துண்டுகளாகப் பிரிந்திருக்கும், அந்தத் துண்டுக்குக் கண்டம் என்று பெயர். மார்பில் மூன்று கண்டங்கள், அங்கே பற்கள் மெல்லியவை. வயிற்றில் எட்டுக் கண்டங்கள், அங்கே பற்கள் தடித்தவை, ஒவ்வொரு பட்டையும் ஏறக்குறைய சரிவக வடிவம். பழகின கண்ணுக்கு இது பார்கோடு மாதிரி, எந்தப் பட்டை காணவில்லை, எது தலைகீழாக இருக்கிறது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். கிறிஸ்டியானேயும் எரிக்கும் இரண்டு பேர் ஒரே சமயத்தில் ஒரே பொருளைப் பார்க்கும்படியான இரட்டை நுண்ணோக்கியில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு புழுவையும் சேர்ந்தே பார்த்து, பேசி, முக்கியமா இல்லையா என்று அங்கேயே முடிவெடுத்தார்கள். மாதக்கணக்கில் இதே வேலை.

பார்க்கப் பார்க்க ஒரு ஒழுங்கு தெரிந்தது. கெட்டுப்போன புழுக்கள் கண்டபடி கெட்டுப்போகவில்லை. ஒரு வகையில், உடம்பின் ஒரு பெரிய பகுதி, அடுத்தடுத்த பல கண்டங்கள் சேர்ந்தாற்போல் காணாமல் போயிருந்தன, நடுவில் ஓட்டை விழுந்த மாதிரி. இதற்கு இடைவெளி மரபணுக்கள் என்று பெயர் வைத்தார்கள். இன்னொரு வகையில் ஒரு கண்டம் விட்டு ஒரு கண்டம் இல்லை, ஒன்று இருக்கும், அடுத்தது இருக்காது, பிறகு ஒன்று இருக்கும், புழுவே பாதி நீளம்தான். இவை இணை விதி மரபணுக்கள். மூன்றாவது வகையில் கண்டங்களின் எண்ணிக்கை சரியாகவே இருக்கும், ஆனால் ஒவ்வொரு கண்டத்திலும் ஒரு பாதி அழிந்து, மிச்சப் பாதியின் கண்ணாடிப் பிம்பம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்.

இந்த இரண்டாவது வகைதான் எல்லோரையும் அசரடித்தது. ஈயின் உடம்பைப் பார்த்தால் இரண்டிரண்டாகச் சேர்ந்த அமைப்பு எங்கேயும் கிடையாது. ‘இரட்டைப்படைக் கண்டங்களை மட்டும் நீ கவனி’ என்று ஒரு மரபணுவிடம் வேலை பிரித்துக் கொடுத்திருக்கும் என்று யாரும் கனவிலும் நினைத்திருக்கவில்லை. முழுதாக வளர்ந்த உடம்பை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இது தெரிந்திருக்காது, ஏனென்றால் அந்த இரட்டைக் கணக்கு முட்டைக்குள் ஓரிரு மணி நேரம் இருந்துவிட்டு அழிந்துபோகிற சாரம். கட்டடம் முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுகிறோம் அல்லவா, பிற்பாடு வந்து பார்க்கிறவருக்கு மூங்கில் எங்கே கட்டியிருந்தது என்று எப்படித் தெரியும்? சாரம் ஒரு பக்கம் உடைந்து அதனால் சுவர் கோணிப்போன வீட்டைப் பார்த்தால்தான் தெரியும். செத்த புழுக்கள் அதைத்தான் காட்டின.

1980 அக்டோபரில் ‘நேச்சர்’ இதழில் இதை வெளியிட்டார்கள். 15 மரபணுக்கள், மூன்று வகை, சில பக்கங்கள். அதில் சொல்லியிருந்த பாடம் இதுதான்: ஈயின் உடம்பு ஒரே மூச்சில் வரையப்படுவதில்லை, படிப்படியாகப் பங்கு பிரிக்கப்படுகிறது, முதலில் பெரிய பெரிய துண்டாக, பிறகு இரண்டிரண்டு கண்டமாக, பிறகு ஒவ்வொரு கண்டத்துக்குள்ளும் முன் பின் என்று. நிலத்தை அளக்கிற சர்வேயர் முதலில் ஊர் எல்லையைக் கல் நட்டு, அப்புறம் தெரு பிரித்து, கடைசியில் மனை மனையாக முளை அடிப்பது போல.

சரி, முதல் கல்லை நட்டது யார்? இங்கேதான் அந்த இரட்டை வால் ஈ மறுபடி வருகிறது. 1981இல் டூபிங்கனுக்குத் திரும்பிய கிறிஸ்டியானே, இந்தத் தடவை தாயின் மரபணுக்களைத் தேடினார். தாய் பார்க்க நன்றாக இருப்பாள், ஆனால் அவள் இடுகிற முட்டை எல்லாமே கெடும், தந்தை எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பயனில்லை. அப்படிக் கிடைத்தவற்றில் புகழ்பெற்றது பைகாய்டு என்ற மரபணு. தாயிடம் இது வேலை செய்யவில்லை என்றால் புழுவுக்குத் தலையும் மார்பும் இருக்காது, அந்த இடத்தில் வால் நுனியின் பகுதி வரும். அவரும் மாணவர் ஹான்ஸ் கியோர்க் ஃபிரோன்ஹோஃபரும் ஒரு நல்ல முட்டையின் முன்முனையிலிருந்து துளி திரவத்தை நுண்ணிய ஊசியால் உறிஞ்சி, தலையில்லாமல் போக இருந்த முட்டையின் முன்முனையில் செலுத்தினார்கள். தலை வந்தது. அதே திரவத்தை முட்டையின் நடுவில் செலுத்தினால் நடுவிலேயே தலைப் பகுதிகள் உருவாகின. சாண்டர் காலத்திலிருந்து ‘ஏதோ’ என்று சொல்லிக்கொண்டிருந்தது ஒரு துளியில் அகப்பட்டுவிட்டது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை 1988இல் வொல்ஃப்காங் டிரீவரும் அவரும் காட்டினார்கள். தாய், முட்டை உருவாகும்போதே, பைகாய்டு புரதம் செய்வதற்கான ஆர்என்ஏவை, அதாவது மரபணுக் குறிப்பிலிருந்து எடுத்த நகலை, முன்முனையில் ஒட்டி வைத்துவிடுகிறாள். முட்டை இட்ட பிறகு அங்கிருந்து புரதம் உண்டாகிப் பின்னோக்கிப் பரவுகிறது. நீளமான தண்ணீர்த் தொட்டியின் ஒரு ஓரத்தில் சொட்டு நீலம் விட்டால் விட்ட இடத்தில் கருநீலமாகவும் தள்ளிப் போகப் போக வெளிர் நீலமாகவும் கடைசியில் வெறும் தண்ணீராகவும் இருக்குமே, அதே மாதிரி. இது நடப்பதற்கு ஈ முட்டையில் ஒரு வசதியும் இருக்கிறது. முதல் 13 தடவை உட்கரு மட்டும்தான் பிரிகிறது, நடுவில் சுவர் எழும்புவதில்லை, ஆயிரக்கணக்கான உட்கருக்கள் ஒரே கூடத்தில் தடுப்பில்லாமல் இருக்கின்றன. சுமார் 6,000 உட்கருக்கள் ஓரமாக வந்து சேர்ந்த பிறகு, மூன்றாவது மணி நேரத்தில்தான் ஒவ்வொன்றைச் சுற்றியும் சவ்வு எழும்பித் தனித்தனிச் செல் ஆகிறது. அதற்குள் எந்த உட்கருவுக்கு எவ்வளவு நீலம் என்பது தெரிந்துவிடும். நீலம் அடர்த்தியாக இருக்கும் இடத்தில் தலைக்கான மரபணுக்கள் விழிக்கும், கொஞ்சம் குறைந்த இடத்தில் மார்புக்கானவை. தாயிடம் பைகாய்டு பிரதிகளைக் கூட்டினால் தலையின் எல்லை பின்னுக்குத் தள்ளிப்போனது, குறைத்தால் முன்னுக்கு வந்தது. அளவுதான் இடத்தைச் சொல்கிறது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

இதிலிருந்து இணை விதி மரபணுக்கள் விழிக்கிற ஏழு பட்டைகள் எப்படி வருகின்றன என்று கேட்கலாம், மெல்ல மங்குகிற ஒரு நீலத்திலிருந்து கூர்மையான கோடு எப்படி? பிற்பாடு மற்றவர்கள் செய்த வேலையில் இது அழகாகத் தெரிந்தது. ஈவன்-ஸ்கிப்டு என்ற இணை விதி மரபணு ஏழு பட்டைகளாகத் தோன்றும். அதில் இரண்டாவது பட்டையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஹன்ச்பேக், ஜயன்ட், குருப்பல் மூன்றும் இடைவெளி மரபணுக்கள். பைகாய்டின் புரதமும் ஹன்ச்பேக்கின் புரதமும் இருக்கிற இடத்தில் அது விழிக்கும், ஜயன்டுடையதோ குருப்பலுடையதோ இருக்கிற இடத்தில் அடங்கிவிடும். இந்த நாலும் முட்டையில் வெவ்வேறு அகலத்தில் பரவியிருப்பதால், முதல் இரண்டும் இருந்து கடைசி இரண்டும் இல்லாத இடம் என்று பார்த்தால் ஒரே ஒரு குறுகிய கோடுதான் மிஞ்சும். ஒவ்வொரு பட்டைக்கும் இப்படித் தனித்தனிக் கணக்கு. முட்டைக்குள் ஈயின் படம் எங்கேயும் இல்லை. இது இருக்கிறதா, அது இல்லையா என்று அந்தந்த உட்கரு தன் பக்கத்தில் பார்த்துக்கொள்வதிலேயே படம் உருவாகிறது.

கண்டம் பிரிந்த பிறகு எந்தக் கண்டத்தில் கால், எதில் இறக்கை என்று சொல்லும் மரபணுக்கள் வேறு. அவற்றைப் பல பத்தாண்டுகள் தனியாளாக அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தவர் எட்வர்ட் லூயிஸ், இரண்டுக்குப் பதில் நான்கு இறக்கை உள்ள அந்த ஈ அவருடையது. அவரைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். கிறிஸ்டியானேவும் எரிக்கும் ஆண் ஈக்களுக்குக் கொடுத்த சர்க்கரைத் தண்ணீர் முறையே 1968இல் லூயிஸ் ஒரு சக ஆய்வாளரோடு சேர்ந்து எழுதி வைத்ததுதான். 1995இல் மருத்துவ நோபல் பரிசு இந்த மூன்று பேருக்கும் சேர்ந்து கிடைத்தது. மருத்துவத்தில் அந்தப் பரிசு பெற்ற 6ஆவது பெண் கிறிஸ்டியானே.

ஈயின் வயிற்றுப் பட்டையைப் பார்த்ததற்கு மருத்துவப் பரிசா என்று யாராவது கேட்டால் முள்ளெலிக் கதையைச் சொல்லலாம். மூன்றாவது வகை மரபணுக்களில் ஒன்று கெட்டபோது புழுவின் வழவழப்பான இடமெல்லாம் போய் உடம்பு முழுக்கப் பற்களாக, குட்டையாக, முள்ளெலி சுருண்ட மாதிரி இருந்தது. அதனால் அதற்கு ஹெட்ஜ்ஹாக், அதாவது முள்ளெலி என்றே பெயர் வைத்தார்கள். 1993இல் கோழி, எலி, மீன் ஆகியவற்றிலும் இதே குடும்பத்து மரபணு இருப்பது தெரிந்தது. கையில் கட்டைவிரல் ஒரு பக்கமும் சுண்டுவிரல் மறுபக்கமும் வருவதில் அதற்குப் பங்கு உண்டு. மூளையும் முகமும் இடம் வலம் என்று இரண்டாகப் பிரிவதிலும் உண்டு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1950களில் ஆட்டுக்குட்டிகள் நெற்றி நடுவில் ஒற்றைக் கண்ணோடு பிறந்துகொண்டிருந்தன. சினையாக இருக்கும்போது தாய் ஆடுகள் மேய்ந்த ஒரு காட்டுச் செடிதான் காரணம் என்று கண்டுபிடித்து, அதிலிருந்த நச்சைப் பிரித்து சைக்ளோபமின் என்று பெயரும் வைத்துவிட்டார்கள், ஆனால் அது கருவில் என்ன செய்கிறது என்பது பல ஆண்டுகள் புரியவில்லை. 1990களின் கடைசியில் விடை கிடைத்தது: அது ஹெட்ஜ்ஹாக் செய்தியை அடைத்துவிடுகிறது. அதே செய்தி பெரியவர்களின் தோலில் அடங்காமல் ஓடினால் ஒரு வகைத் தோல் புற்றுநோய் வருகிறது என்பதும் தெரிந்தது. அதை அடைக்கும் மருந்து ஒன்றுக்கு 2012இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. செத்த ஈப்புழு, ஒற்றைக் கண் ஆட்டுக்குட்டி, புற்றுநோய் மாத்திரை, மூன்றும் ஒரே நூலில் கோத்தவை.

இன்னொன்று டோல் மரபணு. ஜெர்மன் மொழியில் டோல் என்றால் ‘பிரமாதம்’. அந்தப் புழுவை நுண்ணோக்கியில் பார்த்த நொடியில் கிறிஸ்டியானே வாயிலிருந்து வந்த சொல்லே அதற்குப் பெயராக நின்றுவிட்டது. ஈக்கு முதுகு எந்தப் பக்கம், வயிறு எந்தப் பக்கம் என்று தீர்மானிப்பதில் டோலுக்குப் பங்கு. 1996இல் பிரான்சில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர், வளர்ந்த ஈயில் இதே டோல் கெட்டால் பூஞ்சை தொற்றி ஈ செத்துவிடுகிறது என்று பார்த்தார்கள். நம் உடம்பிலும் கிருமி நுழைந்ததை முதலில் மோப்பம் பிடிக்கிற புரதங்கள் இந்தக் குடும்பமே. அதற்கு 2011இல் தனியாக ஒரு நோபல்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது. ஈயில் பார்த்ததெல்லாம் அப்படியே மனிதக் கருவிலும் நடக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. பைகாய்டு ஈக்களின் ஒரு பிரிவில் மட்டுமே இருக்கிறது, வண்டு முட்டையில்கூடக் கிடையாது, நம்மிடமும் கிடையாது. நம் கருவில் ஆரம்பத்திலிருந்தே செல்களுக்கு நடுவில் சவ்வு இருப்பதால் சொட்டு நீலம் அப்படி ஓட முடியாது. முதல் கல் நடும் முறை ஒவ்வொரு விலங்குக் கூட்டத்துக்கும் வேறு வேறு. ஹெட்ஜ்ஹாக், டோல் போலச் செல்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்துகிற கருவிகள்தான் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கைமாறி வந்திருக்கின்றன.

ஈயோடு அவர் நிற்கவில்லை. முதுகெலும்புள்ள விலங்கிலும் இதே போல் எல்லா மரபணுவையும் வலை போட்டுப் பிடிக்க முடியுமா என்று கேட்டு, டூபிங்கனில் சுமார் 7,000 தொட்டிகள் கொண்ட மீன் வீடு ஒன்றைக் கட்டினார். 1996 டிசம்பரில் சுமார் 1,200 பிறழ்வுகளைப் பற்றிய கட்டுரைகள் மொத்தமாக வெளிவந்தன. அந்த மீன் நம் பக்கத்து மீன்தான், கங்கை, பிரம்மபுத்திரா பாயும் பகுதிகளின் ஓடைகளிலும் வயல் நீரிலும் வாழ்வது, வரிக்குதிரை மீன் என்பார்கள். அதன் முட்டை கண்ணாடி மாதிரி இருப்பதால் உள்ளே இதயம் துடிக்க ஆரம்பிப்பதையே நுண்ணோக்கியில் நேரில் பார்க்கலாம்.

இடையில் இன்னொரு காரியமும் செய்தார். குழந்தை பிறந்ததும் ஆராய்ச்சியை விட்டுவிடுகிற திறமையான பெண்களைப் பார்த்துப் பார்த்து, 2004இல் தன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அது கொடுக்கும் பணம் வீட்டு வேலைக்கு ஆள் வைக்க, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க. வீட்டு வேலையில் போகிற மணி நேரங்கள்தான் ஆய்வகத்தில் குறைகின்றன என்று தெரிந்தவர் செய்கிற உதவி இது. ஆராய்ச்சி உதவித்தொகைகளில் இவ்வளவு தெளிவான நோக்கத்தோடு கொடுக்கப்படுவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிற்காலத்தில் அவர் அந்த மீனின் கோடுகளையே கையிலெடுத்தார். அலங்கார மீன் கடையில் வரிக்குதிரை மீனைப் பார்த்தால் கொஞ்ச நேரம் தொட்டி அருகில் நில்லுங்கள். கருநீலக் கோடு ஒன்று, பொன்னிறக் கோடு ஒன்று என்று தலையிலிருந்து வால் துடுப்பு நுனி வரை நேராக ஓடும். அதில் இருப்பது மூன்றே வகை நிறச் செல்கள், கறுப்பு, மஞ்சள், வெள்ளி. முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு இந்தக் கோடுகள் இருக்காது. வளர வளர அந்தச் செல்கள் தோலுக்குக் கீழே நகர்ந்து வந்து, ஒன்றையொன்று தொட்டு, விலக்கி, இடம் பிடித்துக் கோடாகின்றன.